"உட்காருங்கப்பா" என்று சொன்னது நான்தான்



இயற்கை விவசாயத்துக்கு மாறிய புதிதில் எங்கள் கழனிப் பக்கம் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவார்கள். பஞ்சகவ்யா பீப்பாயைத் திறந்தால் அப்படி ஒரு வாடை. அப்பா மட்டும் பீப்பாய்மேல் குனிந்து கலக்கிவிட்டு, "இதுல இன்னாடா நாத்தம்? ஒண்ணும் தெரியலையே" என்பார். மனசார மாறிட்டாருன்னு நாங்களும் பெருமைப்பட்டோம்.

சில வருடம் கழித்து அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போட நேரம் ஆனது. கையெழுத்து எறும்பு ஊர்வதுபோல் சின்னதாகிக்கொண்டே போனது. நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போனபோது அவர் முதலில் கேட்ட கேள்விகளில் ஒன்று, "வாசனை நல்லாத் தெரியுதா?" என்பது. நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பஞ்சகவ்யா நாறவில்லை என்று அவர் சொன்னதற்கான காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. பார்க்கின்சன் நோய், நம் ஊரில் நடுக்குவாதம் என்பார்கள். கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மோப்பம் குறைவது அதன் அடையாளங்களில் ஒன்று.

மதுராந்தகம் பக்கம் இருந்த அப்பாவை வைத்தியத்துக்காக தி.நகரில் அண்ணன் வீட்டில் விட்டோம். மாதம் இருமுறை அரிசி மூட்டையோடு மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, மயிலாப்பூர், அடையாறு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்து வருவேன். போகும்போதெல்லாம் அவர் ஒரே நாற்காலியில்தான் இருப்பார். எழுந்தால், "உட்காருங்கப்பா, விழுந்துடுவீங்க" என்று நானே சொல்வேன். பாசத்தில் சொன்னதுதான். ஆறு மாதத்தில் நாற்காலியிலிருந்து எழவே ஆள் வேண்டும் என்று ஆகிவிட்டது.

அடையாறில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாதான் நேராகச் சொன்னார். "நோய் இவரை இவ்வளவு முடக்கலை சார். பாதி முடக்கினது அந்த நாற்காலி." அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் தேடிப் படித்தது, கேட்டுத் தெரிந்துகொண்டது, அப்பாவிடம் செய்து பார்த்தது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். இது பட்டணத்துக்காரர்கள் விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உழவர்களுக்குத்தான் இதில் அதிகம் இருக்கிறது.

நடுக்குவாதத்தில் நடப்பது என்ன?

மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்கிற பொருளைச் சுரக்கும் ஒரு சின்னக் கூட்டம் நரம்பணுக்கள் உள்ளன. நாம் நினைத்தபடி கைகால் தங்குதடையின்றி அசைய இந்த டோபமைன் வேண்டும். அந்த அணுக்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. நடுக்கம் வெளியே தெரியும்போது அவற்றில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ போய்விட்டிருக்கும். அதனால்தான் நோய் வந்த பிறகு கண்டுபிடிக்கிறோமே தவிர, வரும்போது பிடிக்க முடிவதில்லை.

நடுக்கம் மட்டும்தான் நோய் என்று நினைக்க வேண்டாம். உடம்பு விறைப்பது, எல்லாமே மெதுவாவது, நடை சின்னச் சின்ன அடியாவது, முகத்தில் சிரிப்பு குறைவது, பேச்சு தணிவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக் கைகால் உதறுவது என்று பல அடையாளங்கள். நடுக்கமே இல்லாமலும் இது வரும். மருந்து இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. லெவோடோபா என்ற மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. ஆனால் அது குறைவதை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். அணுக்கள் சாவதை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.

களை மருந்தின் கணக்கு

இந்த இடத்தில் நம் இதழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று முற்றிய நடுக்குவாத நோயாளிகள்போல உறைந்துபோனார்கள். அவர்கள் எடுத்த கள்ளப் போதைப்பொருளில் எம்.பி.டி.பி. என்ற ரசாயனம் கலந்திருந்தது. அது உடலுக்குள் மாறி உண்டாகும் பொருளின் அமைப்பும், பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் அமைப்பும் ஒன்றுபோல இருப்பது அறிவியலாளர்களின் கண்ணில் பட்டது. வெளியிலிருந்து வரும் ஒரு நஞ்சு மூளையின் அந்தக் குறிப்பிட்ட அணுக்களை மட்டும் தேடிப்போய் அழிக்க முடியும் என்று தெரிந்தது அப்போதுதான்.

2011இல் அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநில உழவர்களிடமும் மருந்தடிப்பவர்களிடமும் செய்த ஆய்வு வெளியானது. பாராகுவாட்டைக் கையாண்டவர்களிடம் நடுக்குவாதம் மற்றவர்களைவிட சுமார் 2.5 மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. பிரான்சு நாடு 2012இல் பூச்சிக்கொல்லிகளைக் கையாளும் உழவர்களுக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்சார் நோயாகவே ஏற்றுக்கொண்டது. பாராகுவாட்டை சுவிட்சர்லாந்து 1989இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் அனுமதி ரத்தானது. இலங்கையும் தடை செய்துவிட்டது. பக்கத்தில் கேரளமும் 2011இல் நிறுத்தியது. நம் கடைகளில் இன்னும் விற்கிறார்கள். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'களை மருந்து'.

அதே ஆய்வில் இன்னொரு பெயரும் இருக்கிறது. அதை மறைத்தால் நான் உங்களுக்கு நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். அந்தப் பெயர் ரோடினோன். இது ஆலையில் பிறந்த நஞ்சல்ல. டெர்ரிஸ் போன்ற செடிகளின் வேரிலிருந்து எடுப்பது. ஒரு காலத்தில் பல நாடுகளில் இயற்கைப் பண்ணைகளில் அனுமதிக்கப்பட்ட பூச்சிவிரட்டி. அதைக் கையாண்டவர்களிடமும் நோய் சுமார் 2.5 மடங்கு. ஆய்வகங்களில் எலிகளுக்கு நடுக்குவாதம் வரவைக்க இன்றும் ரோடினோனைப் பயன்படுத்துகிறார்கள். செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது. எந்தக் கரைசலை அடித்தாலும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள், காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள், கையைக் கழுவாமல் பீடியோ சோறோ தொடாதீர்கள்.

அப்பா இருபது வருடத்துக்கு மேல் கைத்தெளிப்பானை முதுகில் சுமந்தவர். சட்டை நனைய, வெறுங்காலோடு அடித்தவர். "அதனாலதான் வந்ததா டாக்டர்?" என்று கேட்டேன். "ஒரு தனி ஆளுக்கு இன்ன காரணம்னு யாராலும் சொல்ல முடியாது. வயசு இருக்கு, பரம்பரை இருக்கு, இதுவும் இருக்கு" என்றார். சரியான பதில்தான். ஆனாலும் எல்லா ரசாயனத்தையும் விட்டுவிட்டு, "களைக்கு மட்டும் ஆள் கிடைக்கலைங்க, அதை மட்டும் அடிச்சுக்கிறேன்" என்று சொல்லும் நண்பர்களைப் பார்த்தால் எனக்கு அப்பாவின் கைதான் ஞாபகம் வருகிறது.

நடந்தால் மூளைக்குள் என்ன ஆகிறது?

மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது தின்கிறது. அவ்வளவும் ரத்தத்தில்தான் வர வேண்டும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் வாய்க்கால் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும் அல்லவா? வேகமாக நடக்கும்போது இதயம் வேகமாக இறைக்கிறது. நாள்பட நடந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் கட்டுக்குள் வந்து, மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் அடைபடாமல் இருக்கின்றன. இது முதல் வழி.

இரண்டாவது வழி, உரம். உடம்பு உழைக்கும்போது மூளையில் பி.டி.என்.எஃப். என்ற ஒரு புரதம் கூடுகிறது. நரம்பணுக்கள் உயிரோடிருக்கவும், புதுக் கிளை விடவும், ஒன்றோடொன்று இணையவும் இது உதவுகிறது. நல்ல மண்ணில் வேர் முடிச்சுவிட்டுப் பரவுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த வேலைதான். 1999இல் அமெரிக்காவில், சுழலும் சக்கரத்தில் ஓடவிட்ட சுண்டெலிகளின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் புது அணுக்கள் அதிகம் உருவானதைக் கண்டார்கள்.

எலிக்குச் சரி, மனிதனுக்கு? 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி பேர் வாரம் 3 நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தார்கள். இன்னொரு பாதி பேர் உடம்பை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி மட்டும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்ததில், நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்கு வயதுக்கேற்ப 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் வயதானால் மூளை சுருங்குவது மட்டுமே விதி என்ற எண்ணத்தை அது அசைத்தது.

நடுக்குவாதக்காரர்களுக்கு இதைவிட நேரடியான சான்று இருக்கிறது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நோய் புதிதாகக் கண்டறியப்பட்டு இன்னும் மருந்து ஆரம்பிக்காத 128 பேர் சேர்ந்தார்கள். ஒரு குழு வாரம் 4 நாள் நடைபட்டையில், இதயத்துடிப்பு அதன் உச்சத்தில் 80 முதல் 85 சதவீதம் வரை போகுமளவு கடுமையாக நடந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் இருந்தவர்களின் நோய்க் குறியீடு சுமார் 3 புள்ளி மோசமாகியிருந்தது. கடுமையாக நடந்தவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே நின்றது. 2023இல் 150க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னது இன்னும் பயனுள்ளது: நடனமோ, நடையோ, தண்ணீரில் பயிற்சியோ, எந்தப் பயிற்சி என்பது இரண்டாம்பட்சம். செய்வதுதான் முக்கியம்.

மறதி நோயும் கிராமமும்

மயிலாப்பூரில் லஸ் பக்கம் எனக்கு ஒரு வாடிக்கையாளர் அம்மா. பத்து வருடமாகத் தூயமல்லி வாங்குகிறவர். போன வருடம் ஒரே நாளில் மூன்று முறை போன் செய்து அதே ஐந்து கிலோவைச் சொன்னார். பிறகு மகள் பேசினார், "அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பம்னு சொல்லியிருக்காங்க அண்ணா." அவரும் ஒரு காலத்தில் விடியற்காலையில் வாசலில் குனிந்து பெரிய கோலம் போட்டு, மாடவீதி சுற்றி, கடைக்கு நடந்துபோய் வந்தவர்தான். அடுக்குமாடிக்கு வந்தபின் கோலம் ஸ்டிக்கர் ஆனது, கடை போன் ஆனது.

இது பட்டணத்து நோய் என்று நினைத்திருந்தேன். கணக்கு வேறு சொல்கிறது. நாடு தழுவிய ஆய்வு ஒன்று 2023இல் சொன்னபடி, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

பிறகு ஏன் நம் கண்ணில் படவில்லை? இதற்கு அடையாறு பக்கத்திலிருந்தே ஒரு விடை இருக்கிறது. தரமணியில் உள்ள வி.எச்.எஸ். மருத்துவமனையினர் சென்னையிலும், சி.எம்.சி. மருத்துவர்கள் வேலூர் கிராமப்புறத்திலும் ஆளுக்குச் சுமார் ஆயிரம் முதியவர்களைப் பரிசோதித்தார்கள். பல நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வின் பகுதி அது. முடிவுகள் 2008இல் வந்தன. மேலை நாடுகளின் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது நம் பக்கத்தில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட நோய் தேறவில்லை. நம்மைப் போன்ற நாடுகளுக்கென்று உருவாக்கிய அளவுகோலை வைத்தபோது பல மடங்கு தேறியது. காரணம், அன்றாட வேலையில் தடுமாற்றம் இருக்கிறதா என்று குடும்பத்தாரைக் கேட்டால், இல்லை என்கிறார்கள். தாத்தாவுக்கு எல்லாம் நாமே செய்துவிடுகிறோம், தடுமாற அவருக்கு வேலையே இல்லை. "வயசானா அப்படித்தான்" என்ற ஒரு சொல்லுக்குள் நோய் ஒளிந்துகொள்கிறது. நான் அப்பாவை உட்காரவைத்ததும் இதே பாசம்தான்.

இதற்கு உடல் உழைப்பு எவ்வளவு உதவும்? மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. படிப்புக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலையில் அடி, உடல் உழைப்பின்மை, சர்க்கரை, புகை, ரத்த அழுத்தம், உடல் பருமன், குடி, தனிமை, காற்று மாசு. எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றார்கள். உடல் உழைப்பின்மையின் தனிப்பங்கு அதில் 2 சதவீதம்தான். சின்னதாகத் தெரியும். ஆனால் சர்க்கரை, அழுத்தம், பருமன், மனச்சோர்வு, தனிமை என்று மற்ற பல காரணங்களின் வாலையும் நடை பிடித்து இழுக்கிறது. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் செய்து பார்த்தார்கள். சிந்தனைத் திறன் மேம்பட்டது. பலபயிர்ச் சாகுபடிபோல, சேர்த்துச் செய்தால்தான் விளைச்சல்.

அதே சமயம் இங்கிலாந்தில் மறதி நோய் ஏற்கெனவே வந்துவிட்ட 494 பேரிடம் செய்த ஆய்வு 2018இல் வந்தது. கடுமையான உடற்பயிற்சியால் அவர்கள் உடல் வலுவானது, மறதி வேகம் குறையவில்லை. ஆகவே, வந்தபின் நடந்தால் குணமாகும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். நடுத்தர வயதிலேயே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். விதைக்க வேண்டிய பட்டத்தில் விதைக்க வேண்டும்.

"நாங்க உழைக்கிறவங்கதானே?"

இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு மூத்த உழவர் கேட்டார், "தம்பி, காலையில இருந்து கழனியில கிடக்கிறவனுக்கு எதுக்கு வாக்கிங்?" நியாயமான கேள்வி. இரண்டு பதில் இருக்கிறது.

முதல் பதில், உண்மையிலேயே உழைக்கிறோமா என்பது. சென்னை கோபாலபுரத்தில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் தமிழ்நாடு உட்பட நாட்டின் நான்கு பகுதிகளில் செய்த ஆய்வு 2014இல் வந்தது. நகரத்தில் 65 சதவீதம் பேர் போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள். கிராமத்திலும் 50 சதவீதம். நம்மையே எடுத்துக்கொள்வோம். டிராக்டர் உழுகிறது, இயந்திரம் அறுக்கிறது, களைக்கு ஆள் வைக்கிறோம். வயலுக்கு வண்டியில் போய், வரப்பில் நின்று பார்த்து, டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். ஐம்பது வயதுக்கு மேல் பலருடைய விவசாயம் இதுதான். என்னுடையதும் இதுவாகத்தான் இருந்தது.

இரண்டாவது பதில் கொஞ்சம் கசப்பு. டென்மார்க்கில் சுமார் 4,700 ஆண்களைப் பல பத்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். கடுமையான உடலுழைப்பு வேலை பார்த்தவர்களுக்கு மறதி நோய் குறையவில்லை, மேசை வேலை பார்த்தவர்களைவிட 55 சதவீதம் அதிகமாக இருந்தது. ஓய்வில்லாமல், பாரம் தூக்கி, ஒரே நிலையில் நாள் முழுக்க வளைந்து செய்யும் வேலையில் ரத்த அழுத்தம் ஏறியே கிடக்கிறது, உடம்பு தேற நேரம் கிடைப்பதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. இன்னொரு பக்கம், பொலிவியா காட்டில் வேட்டையும் சிறு விவசாயமும் செய்து வாழும் சிமானே மக்களில் 60 வயதைத் தாண்டியவர்களில் மறதி நோய் சுமார் 1 சதவீதம்தான். அவர்களும் உழைப்பாளிகளே. ஆனால் அவர்கள் உழைப்பு நடையும் மாற்றமும் நிறைந்தது, மூட்டை தூக்குவது மட்டுமல்ல.

ஆகவே உழைப்பின் அளவைவிட அதன் விதம் முக்கியம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மூச்சு வாங்க நடப்பது, பலவித அசைவு, நடுவில் ஓய்வு, ராத்திரி நல்ல தூக்கம். அப்படிப் பார்த்தால் ஒற்றை நாற்று நடவு வயலில் கோனோவீடர் தள்ளுவது அருமையான பயிற்சி. முன்னும் பின்னும் தள்ளி நடக்கிறோம், கால் சேற்றில் சமநிலை தேடுகிறது, மூச்சு வாங்குகிறது. களைக்கொல்லியை விட்டவனுக்கு ஓர் ஆபத்து குறைகிறது, வீடர் பிடித்தவனுக்கு ஒரு பயிற்சி கூடுகிறது. இரண்டும் ஒரே வேலையில்.

நான் கடைப்பிடிப்பவை

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. வாரம் 2 நாள் தசை வலுவுக்கு. 65 வயதைத் தாண்டியவர்கள் 3 நாள் சமநிலைக்கு. அதை நம் வாழ்க்கைக்கு இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

• கழனிக்கு வண்டியை விட்டுவிட்டு நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

• வீடர், அண்டை வெட்டுதல் போன்ற வேலையை ஒரே நாளில் முடித்துப் படுக்காமல், தினமும் அரைமணி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

• கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். தோப்புக்கரணமும் தொடைக்கு நல்லதே. காதைப் பிடித்தால் மூளை வளரும் என்று பரவும் செய்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.

• சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள். விழாமல் இருப்பதும் மூளைக் காப்புதான், தலையில் அடிபடுவது மறதி நோய்க் காரணங்களில் ஒன்று.

• கும்மி, கோலாட்டம், சிலம்பம் எதுவானாலும் சேர்ந்து ஆடுங்கள். காலுக்கும் கணக்குக்கும் ஒரே நேரத்தில் வேலை, தனிமையும் குறையும்.

• நாற்பதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

வீட்டில் நடமாட முடியாத பெரியவர் இருந்தால், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள்.

பூனைக்காலி பற்றி ஒரு வார்த்தை

நடுக்குவாதம் என்றதும் இயற்கை உழவர்கள் கேட்பது பூனைக்காலி விதை. மூடாக்குக்கும் தழைச்சத்துக்கும் நாம் விதைக்கும் அதே கொடிதான். அதன் விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது என்பது உண்மை. மருத்துவ ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையோடு சேர்த்தால் அளவு மீறி வாந்தி, தலைச்சுற்றல், மனக்குழப்பம் வரலாம். நானும் அப்பாவுக்கு அரைத்துக் கொடுக்கலாம் என்று எடுத்துவைத்தவன்தான். மருத்துவரைக் கேட்டபின் வயலிலேயே விதைத்துவிட்டேன். மாத்திரையை யாரும் தானாக நிறுத்தாதீர்கள்.

அப்பா இப்போது

பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் பார்த்து நடை வைத்தோம். முதல் வாரம் வீட்டு வராந்தாவில் பத்து நிமிடம். பிறகு வெங்கட்நாராயணா சாலை நடேசன் பூங்கா. பக்கத்தில் ஒருவர் கட்டாயம் வேண்டும். இந்த நோயில் கால் திடீரென்று தரையில் ஒட்டிக்கொள்ளும். அப்போது இழுக்கக் கூடாது. தரையில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொன்னால், அல்லது தாளம் போட்டால், கால் கிளம்பிவிடும். பாண்டி பஜார் நடைபாதையில் கல்லுக்குக் கல் இருக்கும் கோடுகள் இதற்கு நன்றாக உதவின. "வரப்பைத் தாண்டுங்கப்பா" என்றால் போதும், சிரித்துக்கொண்டே தாண்டுவார்.

இப்போது 35 நிமிடம் நடக்கிறார். நாற்காலியிலிருந்து தானே எழுகிறார். மாடியில் நான்கு தொட்டியில் கத்தரியும் கீரையும் அவர் பொறுப்பு. நோய் நிற்கவில்லை. போன மாதம் மாத்திரை அளவைக் கூட்டினார்கள். வாசனை திரும்பவில்லை, இனியும் திரும்பாது. ஊருக்கே கூட்டிவந்துவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். வீட்டை ஒட்டிக் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கிறது, நரம்பியல் மருத்துவர் பக்கத்தில் இல்லை. அதனால் நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் பத்து நாள் வருகிறார். கிணற்றுக்குச் சுவர் எழுப்பும் வேலை நடக்கிறது.

போன சம்பாவில் வந்தபோது வீடரைக் கொடு என்றார். என் வாய்க்கு அந்தப் பழைய வார்த்தை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஒரு பக்கக் கைப்பிடியை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு வரிசை தள்ளினார். மூன்றாவது வரிசையில் களைத்து, அவராகவே வரப்பில் உட்கார்ந்தார்.